‘விளையாடக் கூடாது’: ஒரு வரி விமர்சனம்

ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ‘கடினமான உடலுழைப்பைத் தவிர்க்கவும்.’ ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். அதற்கு முன்னால் மூன்று பக்கத்துக்கு எக்கோ அளவுகள், ஈசிஜி விவரம், மாத்திரைப் பெயர், காலையில் எத்தனை மில்லிகிராம், ராத்திரி எத்தனை மில்லிகிராம் என்று எல்லாம் துல்லியமாக இருக்கிறது. உடலுழைப்புக்கு மட்டும் அளவே கிடையாது.

சம்மரி என் அக்கா மகனுடையது. பாகூருக்குப் பக்கத்துக் கிராமம். வயது 11. அவனுக்கு இருப்பது ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத்தின் தசைச்சுவர் காரணமில்லாமல் தடித்துப் போகிற நோய். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. இதற்குப் பிறகு தெரிந்தவர்கள் காட்டிய வேறு இரண்டு பிள்ளைகளின் சம்மரியிலும் கிட்டத்தட்ட இதே வரிதான் இருந்தது.

அந்த வரி கை மாறக் கை மாற என்ன ஆனது என்று பாருங்கள். அக்கா அதை ‘விளையாடக் கூடாது’ என்று புரிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் அதை ‘கிரவுண்டுக்கே வரக் கூடாது’ என்று எடுத்துக்கொண்டார். பி.டி. பீரியடில் பையன் வேப்பமரத்தடியில் மற்ற பிள்ளைகளின் செருப்புக்கும் தண்ணி பாட்டிலுக்கும் காவல். எங்கம்மா இன்னும் ஒரு படி மேலே போய் மாடிப்படி ஏறக்கூட விடவில்லை. ஒரு வருஷத்தில் 7 கிலோ ஏறிவிட்டான். பழைய சட்டை எதுவும் போட முடியவில்லை. சாயங்காலம் வாசலுக்கு வந்து கூப்பிடும் பையன்கள் ஒரு கட்டத்தில் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

“டேய் தம்பி, நீதான் நெட்ல என்னென்னமோ படிக்கிறியே, இதுல இன்னா எழுதியிருக்காங்கன்னு சரியா பாத்துச் சொல்லு” என்றாள் அக்கா. அங்கே ஆரம்பித்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரை படிப்பது பொழுதுபோக்கு. இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் தங்கள் பிள்ளையை ஓட விடவும் வேண்டாம், ஓடுகிற பிள்ளையை உட்கார வைக்கவும் வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் படியுங்கள்.

பலவீனமான இதயத்துக்கு ஓய்வு என்பது பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. சுளுக்கின காலை ஆட்டாமல் வைப்பது மாதிரி. 1960களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஜார்ஜ் பர்ச் என்ற பெரிய இதய மருத்துவர் வீங்கிய இதயத்தோடு வந்தவர்களை மாதக்கணக்கில் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார். சிலருக்கு இதயத்தின் அளவு குறைந்தது. ஆனால் யாரால் வருஷம் முழுக்கப் படுத்தே இருக்க முடியும்? படுக்கை மெதுவாக வழக்கொழிந்தது. அதற்கு எதிர்த்திசையில் நடந்த பெரிய சோதனை 2009ல் வெளிவந்த ‘ஹெச்எஃப் ஆக்‌ஷன்’. இதயம் பலவீனமான 2331 பெரியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான மருந்தோடு உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். பயிற்சியால் ஆபத்து கூடவில்லை. நன்மை? சாவையும் ஆஸ்பத்திரி சேர்க்கையையும் சேர்த்துப் பார்த்தால் நேரடிக் கணக்கில் வித்தியாசம் தெளிவாக இல்லை. நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்திய பிறகே சிறிய அளவில் நன்மை தெரிந்தது. வாழ்க்கைத் தரம் கொஞ்சம் மேம்பட்டது. ‘உடற்பயிற்சி இதயத்தைக் காப்பாற்றும்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வதை விட ரொம்ப அடக்கமான முடிவு இது.

பயிற்சி என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தடித்த சுவர் பயிற்சியால் மெலிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பகுதி மாற்றம் இதயத்துக்கு வெளியே நடக்கிறது. கால் தசை ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும் திறன் கூடுகிறது, ரத்தக்குழாய் சுலபமாக விரிகிறது. பாகூர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஏரியில் அதே தண்ணிதான், பங்காரு வாய்க்காலில் வந்ததுதான். ஆனால் கீழே வாய்க்காலைத் தூர் வாரியிருந்தால் கடைமடை வயலுக்கும் பாயும், தூர்ந்து போயிருந்தால் ஏரி நிரம்பினாலும் பாயாது. வேப்பமரத்தடியில் ஒரு வருஷம் உட்கார்ந்த பையனுக்கு மூச்சு வாங்கினால், அதில் நோயின் பங்கு எவ்வளவு, உட்கார்ந்ததன் பங்கு எவ்வளவு? சம்மரியில் இதைப் பிரித்துச் சொல்ல இடமே இல்லை.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் ஆதாரம் சட்டென்று வற்றிப் போகிறது.

ஒரு காரணம், நோய் அபூர்வம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான கார்டியோமயோபதி பதிவேடு ஒன்று 1990களிலிருந்து நடக்கிறது. அதிலிருந்து 2003ல் வந்த கணக்குப்படி வருஷத்துக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் 1.13 பேருக்குப் புதிதாக இந்த நோய் தெரியவருகிறது. அதே விகிதம் இங்கேயும் என்று வைத்துக்கொண்டால், 2011 கணக்கெடுப்பில் 9.5 லட்சம் பேர் இருந்த புதுச்சேரி மாவட்டத்தில் வருஷத்துக்கு மூன்று பிள்ளைகள் தேறலாம். மூன்று பேரை வைத்து எந்தச் சோதனையும் நடத்த முடியாது. ஆனால் அந்த மூன்று வீட்டில் ஒன்று நம் வீடாக இருக்கும்போது ‘அபூர்வம்’ என்ற சொல்லுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது.

2008ல் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோமரீபா குழு, கார்டியோமயோபதி உள்ள குழந்தைகளுக்கு உடற்பயிற்சி மறுவாழ்வு என்றே தலைப்பிட்டு ஒரு மீளாய்வு எழுதியது. இந்தத் துறையில் இறங்கும் எல்லோரும் முதலில் முட்டும் கட்டுரை இதுதான். எனக்கு இதில் பிடித்தது அதன் நேர்மை. கார்டியோமயோபதி உள்ள பிள்ளைகளிடம் இது முறையாக ஆராயப்படவில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். எனக்குப் பிடிக்காதது, அதற்குப் பிறகு வாதம் நகரும் விதம். பெரியவர்களின் இதயச் செயலிழப்பில் பலன் இருந்தது, பிறவி இதயக் குறை உள்ள பிள்ளைகளிடம் பலன் இருந்தது, ஆகவே இங்கேயும் இருக்கலாம் என்று இரண்டு தாவல். இரண்டுமே தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் தாவுகிற இடத்தில் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பிறவி இதயக் குறை பற்றிய அந்த ஆய்வு 2005ல் பாஸ்டனில் ரோட்ஸ் குழு செய்தது. 16 பிள்ளைகள், 12 வாரம், வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். 16ல் 15 பேருக்கு உடல்திறன் கூடியது. சின்ன ஆய்வுதான். ஆனால் அதில் என்னை நிறுத்திய விஷயம் எண் இல்லை, அவர்கள் பயன்படுத்திய சாமான். டான்ஸ், ஸ்கிப்பிங் கயிறு, கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி, நன்றாகச் செய்த பிள்ளைக்குச் சின்னப் பரிசு. ‘கார்டியாக் ரீஹேபிலிடேஷன்’ என்ற பெயரைக் கேட்டதும் ஏசி ரூமும் லட்ச ரூபாய் மிஷினும்தான் என் கண்ணில் வந்தது. பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டது கூடவே நின்று பார்க்கத் தெரிந்த ஓர் ஆள். 2007ல் இன்னொரு அமெரிக்க ஆய்வு, மாற்று இதயத்துக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்த 20 பிள்ளைகளுக்கே கண்காணிப்போடு பயிற்சி கொடுத்துப் பார்த்து, இது செய்யக்கூடியதுதான் என்று எழுதியது.

அடுத்து ஒரு குறை, இந்தத் துறையின் பெயரிலேயே இருப்பது. ‘இதயத் தசை நோய்’ என்று ஒரே பெயரில் பல நோயைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வீங்கி மெலிந்த இதயம் ஒன்று, தடித்த இதயம் ஒன்று, விறைத்துப்போன இதயம் ஒன்று. இவற்றோடு வலது கீழறைத் தசையில் கொழுப்பும் நாரும் ஏறுகிற இன்னொரு வகை இருக்கிறது. அந்த வகையில் கடும் பயிற்சி நோயையே வேகப்படுத்துகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2013ல் காட்டியது. அங்கே ‘உடற்பயிற்சி நல்லது’ என்பது விஷம். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் இதயத் தசை அழற்சியிலும் மூன்று முதல் ஆறு மாதம் கடும் உழைப்பு கூடாது என்பதுதான் நடைமுறை. ஆக ‘விளையாடக் கூடாது’ என்ற ஒரே வரி எல்லா வகைக்கும் பொருந்தாத மாதிரியே, ‘விளையாட விடுங்கள்’ என்ற ஒரே வரியும் பொருந்தாது. வாட்ஸ்அப்பில் வருகிற இதய ஆரோக்கியச் செய்திகள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதுதான்.

நம் பையனுக்கு இருப்பது தடித்த வகை. இதில் பயம் வேறு. பம்பு ஓய்வதைப் பற்றிய பயத்தை விட, ஓடும்போது துடிப்பு தாறுமாறாகிச் சட்டென்று விழுந்துவிடுவானோ என்ற பயம். விளையாட்டு மைதானத்தில் இளைஞர்கள் இப்படி இறந்த செய்திகளை எல்லோரும் படித்திருக்கிறோம். அதனால் 2004ல் அமெரிக்க இதயக் கழகம் ஓர் அட்டவணை போட்டது. மரபுவழி இதய நோய் உள்ள இளையோர் பொழுதுபோக்காக எதை ஆடலாம் என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். 0, 1 என்றால் வேண்டாம். 2, 3 என்றால் ஆளைப் பார்த்து முடிவு. 4, 5 என்றால் பெரும்பாலும் சரி. தடித்த இதயத்துக்கு முழு மைதானக் கூடைப்பந்து 0, கோல்ஃப் 5, பௌலிங் 5.

பாகூர் ஏரிக்கரையில் கோல்ஃப் ஆடுகிற பையனை யாராவது பார்த்தால் சொல்லுங்கள். ஆனால் கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. அந்த அட்டவணை ஆதாரத்தை விட நிபுணர்களின் கருத்தை நம்பியே போடப்பட்டது. இருந்தாலும் செய்த வேலை சரியான வேலை. ‘கடினமான’ என்ற சொல்லை எடுத்துவிட்டு விளையாட்டின் பெயரைப் போட்டது. பி.டி. சாருக்குத் தேவை அந்த மாதிரி ஒரு காகிதம்தான்.

அதன்பின் காற்று மாறியது. 2017ல் ‘ரீசெட்’ ஆய்வு: தடித்த இதயம் உள்ள 136 பெரியவர்கள், 16 வாரம் மிதமான பயிற்சி. உச்ச ஆக்ஸிஜன் பயன்பாடு, கிலோவுக்கு நிமிஷத்துக்கு, பயிற்சிக் குழுவில் 1.35 மில்லி கூடியது, மற்றக் குழுவில் 0.08. கூடியது கொஞ்சம்தான். முக்கியமானது, பயிற்சிக் காலத்தில் பெரிய விபரீதம் எதுவும் இல்லை. 2023ல் ‘லைவ்’ ஆய்வு: 8 முதல் 60 வயது வரை 1660 பேர், தீவிரமாக விளையாடுகிறவர்களையும் அப்படி இல்லாதவர்களையும் மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். மரணம், இதயம் நின்று மீட்கப்படுதல், மயக்கம், ஐசிடி கருவி அடித்தல் இவற்றில் ஏதாவது ஒன்று 77 பேருக்கு, அதாவது 4.6 சதவீதம் பேருக்கு நடந்தது. இரண்டு தரப்புக்கும் ஆபத்து விகிதம் 1.01. கிட்டத்தட்ட சமம்.

உண்மையைச் சொல்கிறேன், இந்த எண்ணைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் வைத்து ‘பாருங்க சார்’ என்று சண்டை போடுவதாக மனசுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி படித்தபோது வேகம் குறைந்தது. 1.01 என்பது நடுப்புள்ளி. அந்த மதிப்பீட்டின் மேல் எல்லை 1.48. அதாவது தீவிரமாக விளையாடுகிறவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தால்கூட இந்தத் தரவு அதை மறுக்கவில்லை. ஆபீஸில் ஒரு புது ரிலீஸுக்கு இந்த எல்லையை வைத்துக்கொண்டு வந்தால் நானே ‘இன்னும் டெஸ்ட் பண்ணு’ என்று திருப்பி அனுப்புவேன். இன்னொன்று, இது குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை. விளையாடியவர்கள் விளையாட முடிந்தவர்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற ஐந்து நாடுகளில், இந்த நோயையே பார்க்கும் மையங்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். 8 வயதிலிருந்து சேர்த்தார்கள் என்பதால் இது பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஆகிவிடாது.

அமெரிக்க வழிகாட்டு நெறிகளும் இதையெல்லாம் பார்த்துத்தான் நகர்ந்திருக்கின்றன. 2020ல், பெரும்பாலான நோயாளிகளுக்கு லேசான, மிதமான பயிற்சி நல்லது என்று எழுதினார்கள். 2024ல், எல்லோருக்கும் ஒட்டுமொத்தத் தடை தேவையில்லை, வருஷாவருஷம் முழுப் பரிசோதனை செய்து நிபுணரும் நோயாளியும் சேர்ந்து பேசி முடிவெடுக்கலாம் என்று வந்துவிட்டார்கள். ‘சேர்ந்து பேசி’ என்பதைக் கவனியுங்கள். ஓபியில் இருநூறு பேர் நிற்கும்போது ஒருவருக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்?

இனி நம்ம ஊர். இதய மறுவாழ்வு ஆய்வு எல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். தேடினால் ஜிப்மரிலேயே ஒன்று நடந்திருக்கிறது. 2014ல் வெளிவந்தது. இதயச் செயலிழப்பு உள்ள 130 பெரியவர்கள், பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து, மீதிப் பேருக்கு மருந்தோடு 12 வாரம் யோகப் பயிற்சி. யோகக் குழுவில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் 36.88 சதவீதம் கூடியது, மற்றக் குழுவில் 16.9 சதவீதம். இதயச் சுமையைக் காட்டும் ரத்த அளவான என்டி ப்ரோபிஎன்பி யோகக் குழுவில் 63.75 சதவீதம் குறைந்தது, மற்றதில் 10.75.

நம்ம ஊர் ஆய்வு என்ற பெருமையோடுதான் படித்தேன். ஆனாலும் சொல்லியாக வேண்டிய இரண்டு விஷயம் இருக்கிறது. 36.88 சதவீதம் என்பது முன்பிருந்த அளவின் மேல் கூடிய விகிதம். தள்ளும் திறன் 30 ஆக இருந்தால் 41 ஆகும், 67 ஆகாது. அந்தத் திறனையே சதவீதத்தில்தான் சொல்வார்கள் என்பதால் அவசரமாகப் படிப்பவர்கள் இங்கே நிச்சயம் தடுக்கி விழுவார்கள். அடுத்தது, 12 வாரத்தை முடித்தவர்கள் யோகக் குழுவில் 65க்கு 44 பேர், மற்றக் குழுவில் 65க்கு 48 பேர். மொத்தம் 38 பேர் நடுவிலேயே போய்விட்டார்கள், கிட்டத்தட்ட பத்தில் மூன்று. முடித்தவர்களை மட்டும் எண்ணினால் முடிவு அழகாகத்தான் இருக்கும். எனக்கு யோகக் குழுவில் விடுபட்ட அந்த 21 பேர் மேல்தான் ஆர்வம். பாகூரிலிருந்து பஸ் பிடித்து, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோரிமேடு பஸ் மாறி ஜிப்மருக்குப் போய்த் திரும்பினால் அன்றைய கூலி போச்சு. எந்தப் பயிற்சித் திட்டமானாலும் இந்த ஊரில் முதலில் எழுத வேண்டிய கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். வாரம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகும், கூட வருகிற அம்மாவின் வேலையும் போகும். பிள்ளையாக்குப்பம், கிருமாம்பாக்கம், அரியூர் என்று இந்த இரண்டு கொம்யூனுக்குள்ளேயே மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மறுவாழ்வு நடக்க வேண்டிய இடம் பிள்ளை தினமும் இருக்கிற இடம்: பள்ளிக்கூட மைதானமும் தெருவும்.

அங்கே பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள்? கபடி, கிரிக்கெட், கிட்டிப்புள்ளு, நொண்டி, ஏரியில் நீச்சல். 2004 அட்டவணையில் கபடி இல்லை. நானே யோசித்துப் பார்த்தேன். பாடிக்கொண்டு போகிறவன் மூச்சை விடாமல் ‘கபடி கபடி’ என்கிறான், அரை நிமிஷத்தில் பாய்கிறான், திரும்புகிறான். பிடிக்கிற ஏழு பேர் மூச்சைப் பிடித்து, முழு பலத்தோடு அசையாமல் இறுக்குகிறார்கள். திடீர் வேகம், மூச்சுப் பிடிப்பு, இறுக்கம் என்று தடித்த இதயத்துக்கு ஆகாத மூன்றும் ஒரே ஆட்டத்தில். நெஞ்சில் அடிபடுவது தனி. சமதளத்தில் சைக்கிள், நடை, மெதுவான நொண்டி இவற்றில் வேகம் படிப்படியாக ஏறி இறங்கும். நீச்சல் உழைப்பாகப் பார்த்தால் நல்லதுதான். ஆனால் தரையில் மயங்கினால் தூக்கலாம், ஏரிக்குள் மயங்கினால்?

நேரமும் சேர்த்தி. நம் பையனுக்குப் பி.டி. பீரியட் மதியச் சாப்பாடு முடிந்ததும் வருகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டதும், வெயிலில் தண்ணி வற்றியதும், தடித்த இதயத்தில் ரத்தம் வெளியேறும் வழியில் அடைப்பைக் கூட்டும். கத்திரி வெயிலில் இரண்டும் சேர்ந்து வரும். இந்தச் செய்தி எந்தப் பாஸ்டன் கட்டுரையின் தலைப்பிலும் வராது, ஆனால் பாகூரில் இதுதான் டோஸ்.

எவ்வளவு வேகம் என்று அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 220லிருந்து வயதைக் கழி, அதில் இத்தனை சதவீதம் என்று ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் சூத்திரம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அவர்களின் உச்சத் துடிப்பு வயதோடு அப்படி இறங்குவதில்லை. போதாததற்கு இவன் சாப்பிடுவது பீட்டா பிளாக்கர், துடிப்பை ஏற விடாத மாத்திரை. கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்து போவோம். நான் வாங்கிக் கொடுத்தேன், அதனால் சொல்கிறேன். பேச்சுச் சோதனை இதைவிட நம்பகமானது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத அளவு மூச்சு இருந்தால் மிதமான வேகம், பேசவே முடியவில்லை என்றால் நிறுத்து. ஆறு நிமிஷ நடைச் சோதனைக்கும் 30 மீட்டர் நேரான தளமும் ஒரு கடிகாரமும்தான் வேண்டும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வராந்தாவை நான் அடி வைத்து அளந்தேன், தேறும்.

பள்ளிகளுக்கு வரும் ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் பரிசோதனைத் திட்டம் 2013ல் தொடங்கியது. அதன் 30 நோய்ப் பட்டியலில் பிறவி இதயக் குறை இருக்கிறது, ருமாட்டிக் இதய நோய் இருக்கிறது, இதயத் தசை நோய் பெயர் சொல்லி இல்லை. அபூர்வ நோய்க்கு இடம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் தென்னாசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இதயத் தசைப் புரதமான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்து விடுபட்டிருக்கிறது என்று 2009ல் நேச்சர் ஜெனடிக்ஸில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த தண்டபாணி. விடுபட்டவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, கூட வரும் வேறொரு மாற்றம்தான் காரணமோ என்று பின்னால் வந்த ஆய்வுகள் கேட்கின்றன. எப்படி இருந்தாலும், இந்த நோயை வெளியூர் நோய் என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை.

கடைசியில் நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகவில்லை. அக்காவும் பையனும் நானும் உட்கார்ந்து ஒரு தாளில் பத்துக் கேள்வி எழுதினோம். எல்லாம் பெயர் சொல்லி: பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகலாமா, எத்தனை கிலோ பை தூக்கலாம், நொண்டி, கிரிக்கெட்டில் ஃபீல்டிங் மட்டும், மாடிப்படி, ஏரி, கபடி, எந்த நேரம், என்ன வந்தால் நிறுத்த வேண்டும், விழுந்தால் பி.டி. சார் முதல் ஒரு நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும். டாக்டர் தாளை வாங்கி முழுதும் படித்தார். கோபப்படவில்லை. 24 மணி நேர ஹோல்டரும் கூடவே ஒரு ஆள் நிற்க ட்ரெட்மில்லும் எடுத்த பிறகு பதில் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து ஓபி சீட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே எழுதிக் கொடுத்தார். சைக்கிள் சரி, மேடு வேண்டாம். நொண்டி சரி. மாடிப்படி சரி, நின்று நின்று. ஃபீல்டிங் நிழல் இருக்கும் பக்கம். கபடி கிடையாது, ஏரி கிடையாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகட்டும். மயக்கம் வந்தால் 108, அதுவரை நெஞ்சை அழுத்த பி.டி. சார் கற்றுக்கொள்ளட்டும்.

பி.டி. சார் அதை ஜெராக்ஸ் எடுத்து அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டருக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். எங்கம்மாவிடம் மாடிப்படி வரியை நான் மூன்று தடவை படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அடுத்த செக்கப் ஜனவரி முதல் வாரம். தாளில் பதினோராவது கேள்வியைப் பையனே எழுதியிருக்கிறான்: காணும் பொங்கலுக்குத் தெருவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டி. அதற்குப் பதில் எனக்குத் தெரியும், சொல்லவும் வாயெடுத்தேன். “நீ சும்மா இரு மாமா, டாக்டர் சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டான்.